இரைச்சலைத் துடை, விளிம்பைத் தொடாதே: ஸ்டான்லி ஓஷரின் கணிதம்

ஸ்டான்லி ஓஷர் என்ற பெயரை நம்மில் நிறையப் பேர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. பட மீட்பு, கணினிப் பார்வை என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளை மேய்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு 'ஆர்.ஓ.எஃப். மாடல்' என்ற பெயர் கண்ணில் பட்டிருக்கலாம். அதில் நடுவில் இருக்கிற 'ஓ' இவர்தான். மற்ற இருவர் லியோனிட் ரூடின், எமாட் ஃபாதெமி. இரைச்சல் நிறைந்த படங்களைக் கணினி எப்படிச் சுத்தம் செய்வது என்று 1992-ல் இந்த மூன்று பேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் சொன்ன வழி பிறகு ஸ்கேன் அறைக்குப் போனது, கருந்துளையைப் படம் பிடித்தவர்கள் கைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஓஷரைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே ஒரு விஷயம். கணினி சுத்தம் செய்து கொடுக்கும் எந்தப் படத்துக்குள்ளும் ஓர் ஊகம் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊகம் என்ன என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால், அந்தப் படத்தோடு நாம் வாதாடலாம். சொல்ல முடியாவிட்டால் நம்பலாம், இல்லையென்றால் தூக்கிப் போடலாம், வேறு வழி கிடையாது. ஓஷரின் கணிதம் முதல் வகையைச் சேர்ந்தது. ஏன் அப்படி என்பதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம். சமன்பாடு எதுவும் வராது, பயப்பட வேண்டாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

அதிர்ச்சி அலையில் ஆரம்பம்

ஓஷர் 1942-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். புரூக்ளின் கல்லூரியில் பட்டம், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் ஷ்வார்ட்ஸிடம் 1966-ல் முனைவர் பட்டம். புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம், பெர்க்லி, ஸ்டோனி புரூக் என்று சுற்றிவிட்டு 1977-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யு.சி.எல்.ஏ.வுக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு அங்கேயேதான்.

படங்களுக்கும் அவருக்கும் ஆரம்பத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் கவலையெல்லாம் அதிர்ச்சி அலை பற்றி. விமானம் ஒலியை விட வேகமாகப் பறக்கும்போது அதன் முன்னால் காற்றின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறாது, ஒரே தாவாகத் தாவும். அந்தத் தாவல் நடக்கிற இடத்தின் தடிமன் ஒரு தலைமுடியை விடக் குறைவு. இதைக் கணினியில் கணக்குப் போட வேண்டும் என்றால் வெளியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் குறைந்த அழுத்தம், அடுத்த கட்டத்தில் திடீரென்று அதிக அழுத்தம். நடுவில் எதுவுமே இல்லை.

இந்த இடத்தில்தான் பழைய முறைகள் மாட்டிக்கொண்டன. ஒருவகை முறைகள் தாவலைக் கரைத்துச் சரிவாக்கிவிடும். இன்னொரு வகை தாவலைக் கூர்மையாக வைத்திருக்கும், ஆனால் அதன் இரு பக்கமும் இல்லாத அலைகளைப் போலியாக உண்டாக்கும். 1959-லேயே செர்கெய் கோடுனோவ் என்ற ரஷ்யக் கணிதவியலாளர், இந்தச் சிக்கல் சும்மா திறமைக் குறைவால் வருவதில்லை என்று நிறுவிவிட்டார். எல்லா இடத்திலும் ஒரே சூத்திரத்தைப் போடுகிற நேரியல் முறையாக இருந்தால், போலி அலை வராமலும் இருக்க வேண்டும், முதல் படிநிலைக்கு மேல் துல்லியமாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது.

அப்போ என்ன செய்வது? சூத்திரம் தரவைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். ஓஷர், அமி ஹார்ட்டன், பியோன் எங்க்விஸ்ட், சுகுமார் சக்கரவர்த்தி நால்வரும் 1987-ல் வெளியிட்ட 'ஈ.என்.ஓ.' முறை இதைத்தான் செய்கிறது. ஒரு கட்டத்தின் மதிப்பைக் கணக்கிட அக்கம்பக்கத்துக் கட்டங்களைக் கேட்க வேண்டும் இல்லையா? இடது பக்கம் சமமாக இருக்கிறதா, வலது பக்கம் சமமாக இருக்கிறதா என்று முதலில் பார். எந்தப் பக்கம் தாவல் இல்லையோ அந்தப் பக்கத்து ஆட்களிடம் மட்டும் கேள். தாவலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் கேட்காதே, அவர்கள் வேறு ஊர்.

இந்த ஒரு புத்தியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தாவல் என்பது பிழை இல்லை, தகவல். அதை மதிக்க வேண்டும். பிற்காலத்தில் ஓஷர் செய்த பலவற்றிலும் இதே புத்தி வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

நகரும் எல்லைகள்

அடுத்த சட்டை 1988-ல். பெர்க்லியைச் சேர்ந்த ஜேம்ஸ் செத்தியனோடு சேர்ந்து 'லெவல் செட்' என்ற முறையை ஓஷர் வெளியிட்டார். தீயின் முகப்பு, உருகும் பனியின் ஓரம், நீர்த்துளியின் மேற்பரப்பு போன்ற நகரும் எல்லைகளைக் கணினியில் எப்படிப் பின்தொடர்வது என்பது கேள்வி. எல்லைக்கோட்டின் மேல் புள்ளிகள் வைத்து ஒவ்வொன்றாக நகர்த்தினால், இரண்டு துளிகள் ஒட்டிக்கொள்ளும்போதும் ஒரு துளி இரண்டாக உடையும்போதும் கணக்கு குழம்பிப் போகும்.

இவர்கள் செய்தது வேறு. ஏரியில் தண்ணீர் வற்றுவதை யோசித்துப் பாருங்கள். தண்ணீர் நிறைய இருக்கும்போது இரண்டு தனித்தனித் திட்டுகள் வெளியே தெரியும். மட்டம் இறங்க இறங்க இரண்டும் சேர்ந்து ஒரே திட்டாகிவிடும். அடியில் இருக்கும் தரை உடையவும் இல்லை, ஒட்டவும் இல்லை. அது பாட்டுக்கு ஒரே தரையாகத்தான் இருக்கிறது. எல்லைக்கோட்டை நேரடியாகத் துரத்தாமல், அந்தக் கோட்டைத் தன் நீர்மட்டமாகக் கொண்ட ஒரு நிலப்பரப்பை நகர்த்தினால் போதும். ஒட்டுவதும் உடைவதும் தானாக நடக்கும்.

ஓஷரிடம் முனைவர் பட்ட மாணவராக இருந்த ரான் ஃபெட்கிவ் இந்த வழியைத் திரைப்பட நீர்க்காட்சிகளுக்குக் கொண்டுபோனார், பிறகு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் வாங்கினார். அது தனிக் கதை. நாம் படத்துக்கு வருவோம்.

வர்க்கம் ஏன் கெடுத்தது?

லியோனிட் ரூடின் 1987-ல் கால்டெக்கில் முனைவர் பட்டம் பெற்றவர். படங்களையும் அதிர்ச்சி அலைகளையும் இணைத்ததுதான் அவருடைய ஆய்வேடு. ஒரு புகைப்படத்தில் சட்டைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற விளிம்பு என்ன? ஒரு பிக்சலில் இருட்டு, அடுத்ததில் வெளிச்சம். நடுவில் எதுவும் இல்லை. அதாவது அதே தாவல்! விமானத்தின் முன்னால் இருக்கிற அழுத்தத் தாவலும் புகைப்படத்தின் விளிம்பும் கணிதத்தில் ஒரே சாதி. ஓஷருக்குப் பதினைந்து வருடமாகப் பழகிய ஆசாமி.

இரைச்சல் என்றால் என்ன என்று ஒரு சின்ன உதாரணத்தில் பார்ப்போம். ஒரு சுவரைப் படம் எடுக்கிறோம். எல்லாப் பிக்சலும் 10 என்று வந்திருக்க வேண்டும். குறைந்த வெளிச்சத்தால் 10, 13, 8, 12, 9, 10 என்று வந்திருக்கிறது. இந்த ஆட்டத்தை அடக்க வேண்டும். ஆட்டத்தை எப்படி அளப்பது? பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளலாம்: 3, 5, 4, 3, 1.

பழைய வழக்கப்படி இந்த வித்தியாசங்களை வர்க்கம் எடுத்துக் கூட்டுவார்கள். 9, 25, 16, 9, 1, மொத்தம் 60. இந்தத் தொகையைக் குறைத்தால் படம் சுத்தமாகும் என்பது எண்ணம். இப்போது ஓர் உண்மையான விளிம்பைப் பாருங்கள். 10-லிருந்து ஒரே தாவில் 90. வித்தியாசம் 80, வர்க்கம் 6400. இரைச்சலுக்கு 60, விளிம்புக்கு 6400. வர்க்கக் கணக்கைப் பொறுத்தவரை படத்திலேயே பெரிய குற்றவாளி விளிம்புதான்! அதே விளிம்பை 10, 20, 30 என்று எட்டுப் படியாகக் கரைத்து 90-க்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு படிக்கும் 100 வீதம் மொத்தம் 800. அதாவது கரைத்துவிட்டால் பெரிய லாபம். கணினி சொன்னபடி கேட்கும், எல்லா விளிம்பையும் கரைத்துவிடும். பழைய முறைகளில் சுத்தம் செய்த படம் சோப்பு நுரைக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

ரூடின், ஓஷர், ஃபாதெமி செய்த மாற்றம் கேட்டால் சிரிப்பு வரும். வர்க்கம் எடுக்காதே, வித்தியாசத்தை அப்படியே கூட்டு. குறியை மட்டும் விட்டுவிடு. இதற்கு 'டோட்டல் வேரியேஷன்', மொத்த மாறுபாடு என்று பெயர்.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். சுவரின் இரைச்சல்: 3, 5, 4, 3, 1 கூட்டினால் 16. ஆட்டத்தை அடக்கினால் 0. நல்ல லாபம், ஆகவே அடக்கும். விளிம்பு ஒரே தாவில் இருந்தால் 80. எட்டுப் படியாகக் கரைத்தால் எட்டுப் பத்து 80. இரண்டும் ஒன்றுதான்! கரைத்து ஒரு பைசா லாபம் இல்லை. அப்புறம் எதற்குக் கரைக்க வேண்டும்? விளிம்பு தப்பிவிடுகிறது.

இத்தோடு ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். சுத்தம் செய்த படம், எடுத்த படத்திலிருந்து இரைச்சலின் அளவுக்கு மேல் விலகக் கூடாது. மொத்த மாறுபாடு ஒரு பக்கம் இழுக்கிறது, அசலுக்கு விசுவாசம் மறுபக்கம் இழுக்கிறது. நடுவில் ஒரே ஒரு திருகு. எந்தப் பக்கம் எவ்வளவு என்பதை அந்தத் திருகு தீர்மானிக்கும். அவ்வளவுதான் ஆர்.ஓ.எஃப். மாடல். அதன் ஊகத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம்: உலகத்துப் படங்கள் பெரும்பாலும் சமமான பரப்புகள், நடுநடுவே கூர்மையான விளிம்புகள்.

ஒரு ரோஜாப் பச்சை

அந்தக் கட்டுரை வந்த அதே 1992. ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங்கை அடித்த வழக்கில் போலீஸ்காரர்கள் விடுவிக்கப்பட்டதும் லாஸ் ஏஞ்சலஸில் கலவரம் வெடித்தது. ஃப்ளாரன்ஸ் சாலையும் நார்மண்டி சாலையும் சந்திக்கிற இடத்தில் ரெஜினால்ட் டெனி என்ற லாரி ஓட்டுநரை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். ஒருவர் செங்கல்லால் தலையில் அடித்தார். மேலே பறந்த செய்தி ஹெலிகாப்டர் எல்லாவற்றையும் வீடியோ எடுத்தது. ஆனால் எடுத்தது யார் முகத்தை என்பது தெளிவாக இல்லை.

ரூடினும் ஓஷரும் 1988-ல் காக்னிடெக் என்ற சின்ன நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். வீடியோ அவர்களிடம் வந்தது. அடித்தவரின் கையில் ஒரு சின்னக் கறை போலத் தெரிந்ததை அவர்கள் வளர்த்த முறைகளால் தெளிவாக்கியபோது அது ரோஜா வடிவத்தில் பச்சை குத்தியது என்று தெரிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கையிலும் ரோஜாப் பச்சை. 1993-ல் நடந்த விசாரணையில் அது சாட்சியத்தின் ஒரு பகுதியானது. கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டாலும், கொடுங்காயம் ஏற்படுத்தியதற்காக அவருக்குப் பத்து வருடச் சிறை விதிக்கப்பட்டது.

ஒரு மனிதனின் பத்து வருடம். இங்கே ஒரு கேள்வி கேட்காமல் நகரக் கூடாது. அந்த ரோஜா வீடியோவில் இருந்ததா, கணினி வரைந்ததா?

இந்தக் கேள்விக்குக் கணிதத்தில் பதில் தேட முடிகிறது என்பதுதான் என்னை உட்கார வைத்த விஷயம். அடிப்படையான ஆர்.ஓ.எஃப். மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவது, உள்ளே போன படத்தில் இருக்கிற மிகக் குறைந்த, மிக அதிக வெளிச்சத்தைத் தாண்டி அது எதையும் உருவாக்காது. இரண்டாவது, 2007-ல் கசெல்லஸ், ஷாம்போல், நொவாகா மூவரும் ஒரு தேற்றம் நிறுவினார்கள். உள்ளே போன படத்தில் தாவல் இல்லாத இடத்தில், வெளியே வரும் படத்தில் புதிதாகத் தாவல் முளைக்காது. அதாவது இந்த முறை விளிம்பைக் காப்பாற்றும் அல்லது அழிக்கும். வெறும் இடத்தில் புதிதாக வரையாது. இரைச்சலும் தாவல்தானே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. இரைச்சல் அதிகமாக இருந்தால் அதன் சில தாவல்கள் மிஞ்சி விளிம்பு போல் நிற்கலாம். ஆனால் எங்கே சந்தேகப்பட வேண்டும், எவ்வளவு சந்தேகப்பட வேண்டும் என்று நமக்குத் தெரிகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கணிதவியலாளரைக் கூட்டி வந்து குறுக்கு விசாரணை செய்யலாம். ஊகம் வெளிப்படையாக இருப்பதன் மதிப்பு அதுதான்.

திருகை அதிகம் முறுக்கினால்

இந்த முறைக்கு விலை இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வரிசை: 10, 10, 60, 10, 10. நடுவில் ஒரே ஒரு பிக்சல் எழுந்து நிற்கிறது. மாறுபாடு 50 ஏற்றம், 50 இறக்கம், ஆக 100. அந்தப் பிக்சலை அழித்தால் 100 மிச்சம், அசலிலிருந்து விலகியதற்கான அபராதம் ஒரு பிக்சலுக்கு மட்டும். இதே 60 இருபது பிக்சல் அகலத்துக்கு இருந்தால்? மாறுபாடு அதே 100தான். ஆனால் அழித்தால் இருபது பிக்சலுக்கும் அபராதம். ஆகவே பெரியது பிழைக்கும், சின்னது சாகும். அந்தச் சின்னது இரைச்சலா நிஜமா என்று கணக்குக்குத் தெரியாது.

நம்ம எழுத்தில் இதைச் சோதித்துப் பார்த்தேன். பைத்தானில் சைகிட்-இமேஜ் நூலகத்தில் இந்த முறை தயாராகவே இருக்கிறது. பழைய பத்திரம் ஒன்றை ஸ்கேன் செய்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். முதலில் காகிதத்தின் பழுப்புத் திட்டுகளும் பொடிப் பொடியான இரைச்சலும் மறைந்து எழுத்து பளிச்சென்று ஆனது. அதற்கு மேல் முறுக்கியபோது எழுத்துகள் அப்படியே நிற்க, மெய்யெழுத்துகளின் தலையிலிருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. புள்ளி சின்னது, அழிக்கச் செலவு குறைவு. கணக்கு சொன்னபடியே நடந்தது. புள்ளி போனால் 'கல்வி' என்ன ஆகும் என்று தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை! மருத்துவப் படத்தில் அந்தப் புள்ளி ஒரு சின்னக் கட்டியாக இருந்தால் சிரிக்க முடியாது.

வேறு குறைகளும் உண்டு. கன்னம் போல மெதுவாக வளையும் பரப்பைப் படிக்கட்டுகளாக மாற்றிவிடும், ஏனென்றால் அதன் ஊகப்படி உலகம் சமமான பரப்புகளால் ஆனது. துணியின் நெசவு போன்ற நுணுக்கமான வடிவங்களை இரைச்சலோடு சேர்த்து வெளியே எறிந்துவிடும். இந்த இரண்டாவது குறையை அலசி, 2001-ல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் இவ் மேயர் ஒரு புத்தகமே எழுதினார்.

ஓஷரும் அவருடைய சகாக்களும் 2005-ல் ஒரு வழி கண்டார்கள். லெவ் பிரெக்மான் என்ற ரஷ்யர் 1967-ல் எழுதியிருந்த ஒரு கருத்தை எடுத்து, இரைச்சல் என்று எறிந்ததை மறுபடி படத்தோடு சேர்த்துத் திரும்பவும் அதே கணக்கைப் போட்டார்கள். நம் சமையலறைக்குப் புரிகிற சங்கதிதான். தேங்காய்த் துருவலில் முதல் பால் எடுத்ததும் சக்கையைத் தூக்கி எறிவதில்லையே, மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால் வரும். எறிந்த சக்கையில் கொஞ்சம் உண்மைப் படமும் ஒட்டியிருக்கும், அது திரும்பி வருகிறது. எத்தனை தடவை பிழியலாம் என்பதற்கு அளவு உண்டு, அதைத் தாண்டினால் இரைச்சலும் திரும்பி வந்துவிடும். 2009-ல் டாம் கோல்ட்ஸ்டைனோடு சேர்ந்து ஓஷர் எழுதிய 'ஸ்ப்ளிட் பிரெக்மான்' இந்தக் கணக்கை மிக வேகமாகவும், சில வரிகளில் எழுதக்கூடியதாகவும் ஆக்கியது. நான் பயன்படுத்திய நூலகத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது.

அளக்காததைக் கண்டுபிடிப்பது

இதுவரை எடுத்த படத்தைச் சுத்தம் செய்வது பற்றிப் பேசினோம். பாதிப் படத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கணக்கில் வரவழைக்க முடியுமா?

எம்.ஆர்.ஐ. இயந்திரம் நேரடியாகப் படம் எடுப்பதில்லை. படத்தின் அலைக்கூறுகளை ஒவ்வொன்றாக அளந்து, பிறகு கணக்குப் போட்டுப் படமாக்கும். அளக்க நேரமாகும். அந்த நேரமெல்லாம் நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும், சில படங்களுக்கு மூச்சையும் அடக்க வேண்டும். குழந்தைகளை நினைத்துப் பாருங்கள்.

இமானுவேல் கேண்டஸ், ஜஸ்டின் ராம்பெர்க், டெரன்ஸ் டாவ் மூவரும் 2006-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வரும். தலையின் குறுக்குவெட்டு போல வரைந்த ஒரு மாதிரிப் படம். அதன் அலைக்கூறுகளில் 22 ஆரக்கோடுகளின் மேல் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மீதியை விட்டுவிட்டார்கள். அளந்தவற்றோடு ஒத்துப்போகிற எண்ணற்ற படங்களில், மொத்த மாறுபாடு மிகக் குறைவாக இருப்பது எது என்று கணினியைக் கேட்டார்கள். அசல் படம் அச்சு அசலாகத் திரும்பி வந்தது! 1992-ல் ரூடினும் ஓஷரும் ஃபாதெமியும் இரைச்சலைத் துடைக்கப் பிடித்த அதே அளவுகோல். இந்தத் துறைக்கு 'கம்ப்ரெஸ்டு சென்சிங்' என்று பெயர் வந்தது. இதை வைத்து வேகமாக எடுக்கும் எம்.ஆர்.ஐ. முறைகளுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2017-ல் அனுமதி கொடுத்தது.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 கருந்துளைப் படம் இன்னும் சிக்கலானது. உலகின் சில மூலைகளில் மட்டும் தொலைநோக்கிகள், நடுவில் பெரும் இடைவெளி. அளந்தது கொஞ்சம், அளக்காதது ஏராளம். நான்கு குழுக்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் தனித்தனியாகப் படத்தை மீட்டார்கள். சில முறைகளில் மொத்த மாறுபாடும் ஒரு அளவுகோலாக இருந்தது. வேறு வேறு ஊகங்கள், வேறு வேறு திருகுகள், எப்படிப் போட்டாலும் ஒரு வளையம் வந்தது. ஊகத்தை மாற்றிப் போட்டும் நிற்பதுதான் நிஜம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஊகம் என்ன என்று எழுதி வைத்திருந்தால்தான் அதை மாற்றிப் போட்டுப் பார்க்க முடியும்.

2014-ல் சியோலில் நடந்த உலகக் கணித மாநாட்டில் ஓஷருக்கு காஸ் பரிசு கிடைத்தது. கணிதத்துக்கு வெளியே பயன்பட்ட கணிதத்துக்கான பரிசு அது. அவருக்கு முன் வாங்கியவர்கள் இரண்டே பேர்: ஜப்பானின் கியோஷி இட்டோ, மேலே சொன்ன இவ் மேயர்.

இப்போது ஊகம் எங்கே இருக்கிறது?

இன்றைக்குப் படங்களைச் சுத்தம் செய்வதில் நரம்பு வலைப்பின்னல்கள் மொத்த மாறுபாட்டை முந்திவிட்டன. கண்ணுக்கும் நன்றாக இருக்கிறது, எண்ணிலும் நன்றாக இருக்கிறது. இதை மறுப்பதற்கில்லை. அவை இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்துக் கற்றவை, 'சமமான பரப்பும் விளிம்பும்' என்ற எளிய ஊகத்தை விட உலகத்தை நன்றாக அறிந்தவை.

ஆனால் அந்த ஊகம் எங்கே எழுதியிருக்கிறது? கோடிக்கணக்கான எண்களுக்குள் கரைந்து கிடக்கிறது. 2020-ல் மங்கலான முகத்தைத் தெளிவாக்கும் ஒரு கருவியிடம் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தபோது அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தந்தது. அதே வருடம் அமெரிக்க அறிவியல் அகாடமியின் இதழில் வந்த ஓர் ஆய்வு, மருத்துவப் படங்களை மீட்கக் கற்ற வலைப்பின்னல்களில் கண்ணுக்கே தெரியாத சின்ன மாற்றத்தை உள்ளே விட்டால் வெளியே பெரிய கோளாறு வரக்கூடும் என்று காட்டியது. மொத்த மாறுபாடு தோற்கும்போது படிக்கட்டு தெரியும், புள்ளி அழியும். பார்த்தால் தோற்றது தெரியும். இவை தோற்கும்போது நம்பும்படியான, அழகான ஒரு படம் வருகிறது. அதுதான் ஆபத்து.

2024 மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு. பிரதிவாதி தரப்பு, ஏஐ மென்பொருளால் மேம்படுத்திய கைப்பேசி வீடியோவைச் சாட்சியமாகக் கொடுத்தது. நீதிபதி ஏற்கவில்லை. அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதே வெளியே தெரியவில்லை, துறை வல்லுநர்கள் அதை ஏற்றதாகவும் காட்டப்படவில்லை என்பது காரணம். 1993-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ளே வந்த படத்துக்கும் 2024-ல் வெளியே நின்ற வீடியோவுக்கும் நடுவில் முப்பது வருடத்துக் கணினி வளர்ச்சி இருக்கிறது. புதியதுதான் பார்க்க அழகாக இருந்திருக்கும். ஆனால் குறுக்கு விசாரணைக்கு உட்கார வைக்க அதனிடம் ஆள் இல்லை.

இனிமேல் உங்கள் கைக்கு ஒரு ஸ்கேன் படமோ, 'தெளிவாக்கிய' சிசிடிவி படமோ வந்தால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இதில் எது அளந்தது, எது ஊகித்தது? ஊகம் என்ன என்று யாராவது ஒரு வரியில் சொல்ல முடியுமா? ஊகத்தை மாற்றினால் இந்தப் படம் நிற்குமா? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அந்தப் படம் சாட்சி சொல்லலாம். கிடைக்காவிட்டால் அது ஓவியம். நல்ல ஓவியமாகக்கூட இருக்கலாம், ஆனால் அதை வைத்து யாரையும் சிறைக்கு அனுப்பவோ, யாருக்கும் நோய் இல்லை என்று சொல்லவோ கூடாது.